நாற்பத்தைந்து என்று எழுதிய பருப்புப் பை

மச்சாள்,

இன்று காலை உன் அக்கா என்னைக் கதிரையில் ஏற்றிவிட்டு, சமையலறை அலமாரியின் மேல்தட்டைத் துப்புரவாக்கச் சொன்னாள். நாளைக்கு உன் ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருடம். எண்பது பேருக்குச் சமையல். சரி, சரி, இருபத்திரண்டு பேர். பழைய அரிசிமாப் பைக்குப் பின்னால் கையை விட்டேன். மைசூர்ப் பருப்பு இரண்டு பைகள் அகப்பட்டன. இறுக்கி ஒட்டுநாடா சுற்றி, மேலே நீலப் பேனையில் உன் எழுத்து. பெரிய பையில் 45. சின்னப் பையில் 9.

கதிரையில் நின்றபடியே வெடித்துச் சிரித்துவிட்டேன். உன் அக்கா ஓடி வந்தாள்.

"என்னப்பா, விழுந்திட்டியளோ?"

"இல்லையப்பா. உன்ர தங்கச்சி மேல்தட்டில இருக்கிறாள்."

அவளும் எழுத்தைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கி, பிறகு சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மேசையில் இருந்து இதை எழுதத் தொடங்கினேன். நாளைக்கு இலையில் சோறு போட முன் இதை எல்லோருக்கும் வாசிக்கப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்.

பதினெட்டு வருடம் ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவிய என்னை, நீ வேலை செய்த பாதுகாப்புக் கொம்பனிக்குள் கொண்டுவந்தவள் நீதான். அங்கே எல்லோரையும் சுடப் பழக்குவது உன் வேலை. வின்டர்தூரில் ஷீஸ்கெல்லர் என்கிற அந்த நிலவறைச் சுடுமிடத்தில் ஆறடி ஆண்கள் ஏழு பேர் காதுமூடியோடு வரிசையாக நிற்பார்கள். ஐந்தடி உயரத்தில் நீ அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பாய். நீ தொண்டையைச் செருமினால் ஏழு பேரும் தோளைச் சரிசெய்வார்கள். நான் கலியாணம் முடித்து வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு நின்ற அதே பிள்ளை! என் நெஞ்சு எவ்வளவு அகலமானது என்று அளந்திருந்தால் கொம்பனிச் சட்டை எதுவும் போதாமல் போயிருக்கும்.

அந்த வருடம் எங்கள் அம்மன் கோயில் நிர்வாகம் கொம்பனியிடம் வந்தது. தேர் அன்று அம்மனின் நகைகளை வங்கிப் பெட்டகத்திலிருந்து கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். பாதுகாப்பு வேண்டும், ஆனால் சீருடை கூடாது, ஆயுதம் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. நகைத் தட்டை ஏந்துகிறவர் தலை தோய்ந்து, வேட்டி கட்டி, மேலில் சால்வை மட்டும் போட்டு வரவேண்டும். இந்த நாட்டில் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோவதற்குப் பெவில்லிகுங் வேண்டும். அந்த அனுமதிக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு, சுட்டுக் காட்டும் பரீட்சையும் உண்டு. கொம்பனியில் வேட்டி கட்டத் தெரிந்த ஆண் நான் ஒருவன்தான். அன்றைக்கே கோயில் தலைவருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஓம் ஓம், பெவில்லிகுங் எல்லாம் கையில கிடக்கு, நீங்கள் யோசிக்காதேங்கோ."

கையில் ரெலிபோன் மட்டும்தான் கிடந்தது.

அடுத்த நாள் நீ கேட்டாய்: "எந்தக் கலிபர் எடுக்கப் போறியள், அத்தான்?"

கலிபர் என்றால் குண்டின் பருமன் என்று எனக்கு அப்போதே தெரியும். "நாப்பத்தைஞ்சு," என்றேன்.

"ஏன்?"

"ஒன்பதைவிட அஞ்சு மடங்கு பெரிசெல்லோ! எட்டாம் வகுப்போட விட்டாலும் எனக்குப் பெருக்கல் தெரியும்."

நீ மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஐயோ அத்தான், ஒன்பது எண்டது மில்லிமீற்றர். நாப்பத்தைஞ்சு எண்டது ஒரு அங்குலத்தை நூறாப் பிரிச்சு எண்ணுற கணக்கு. ரெண்டுக்கும் இடையில ரெண்டரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஒரு பெரிய கடுகு."

"கடுகெண்டாலும் கூடத்தானே?"

"அப்ப முந்நூத்தி எண்பது எண்டும் ஒண்டு இருக்கு. அதை எடுங்கோவன், பீரங்கி மாதிரி இருக்கும்."

நான் நம்பி, அதைத்தான் முதலில் எடுப்பித்தேன். பீரங்கியை எதிர்பார்த்து இரண்டு கையையும் நீட்டினால், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டித் துப்பாக்கியை வைத்தாய். அதன் குண்டு ஒன்பதின் தம்பி, இன்னும் கட்டை. மறைக்க அதைப்போல வசதியானது வேறில்லை. ஆனால் பாரமே இல்லாததால், சுட்டதும் உயிர்மீன் போலக் கைக்குள் துள்ளியது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

பிறகு நாற்பத்தைந்து. என்ன சத்தம், என்ன கம்பீரம்! முதல் வெடி கடதாசி மனிதனின் நெஞ்சுக்கு நேர் நடுவில். இதை நீயே ஒப்புக்கொண்டாய். இரண்டாவது வெடி கடதாசியிலேயே இல்லை. மூன்றாவது மேலே தொங்கிய சட்டத்தில்.

அப்போது நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "குண்டு பெரிசோ சின்னனோ எண்டது பிறகு. ரெண்டாவது வெடி எங்க போகுது எண்டு பாருங்கோ. அதுதான் உங்கட கலிபர்." கொஞ்சம் பொறுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய்: "உங்கட கதையளும் இப்பிடித்தான் அத்தான். முதல் வரி நல்லாத்தான் இருக்கும். ரெண்டாவது வரி கூரையில போய் நிக்கும்."

நான் கேட்கவில்லை. நாற்பத்தைந்தோடு பரீட்சைக்குப் போனேன், தோற்றேன். எழுத்துப் பரீட்சையில் நான்தான் முதல் ஆள். (முதலில் எழுதி முடித்த ஆள், புள்ளி எழுபத்தொன்று.) சுட்டுக் காட்டுவதில் மானம் போய்விட்டது. தேருக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான். தலைவருக்குச் சொன்ன பொய் ஒரு பக்கம். இன்னொரு தரம் தோற்றால் காலம் முழுக்கக் கார் நிறுத்துமிடங்களில் காவல் நிற்பது மறுபக்கம்.

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்," என்றாய். "ஆனா ஆரும் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டன். அதால கெதியாப் பாஸ் பண்ணுங்கோ."

அந்தச் சனிக்கிழமை ஊஸ்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தாய், பையில் மைசூர்ப் பருப்போடு. துப்பாக்கிகளின் பாரத்துக்குச் சரியாக உன் அக்காவின் தராசில் அளந்தாய். குண்டு நிரப்பிய நாற்பத்தைந்துக்கு ஒன்றேகால் கிலோ. ஒன்பதுக்கு எழுநூறு கிராம். ஒட்டுநாடா சுற்றினாய், எழுதினாய். எனக்கு வேட்டி கட்டச் சொல்லி, நாற்பத்தைந்தை இடுப்பில் செருகி, கையில் தோடம்பழத் தட்டைத் தந்தாய்.

"சாமிப் படம் வரைக்கும் நடவுங்கோ. மூண்டு தரம் குனியுங்கோ."

முதல் தரம் குனிந்தேன். பை வழுகியது. இரண்டாம் தரம் குனிந்தேன். நாற்பத்தைந்து, வேட்டி, என் மரியாதை மூன்றும் ஒன்றாகக் கீழே போய்ச் சேர்ந்தன. தோடம்பழங்கள் சோபாவுக்குக் கீழே ஓடின. உன் அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டு, "அம்மாளாச்சி, அம்மாளாச்சி," என்றாள். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாய். உன் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"இது அம்மனுக்கு முன்னால நடந்தால் கள்ளர் தேவையில்லை, அத்தான். சனம் தானா ஓடும்."

பிறகு ஒன்பதைச் செருகினோம். அகலப் பச்சை பெல்ட்டை அதற்கு மேலே இறுக்கி, சால்வையை இடப் பக்கம் ஒரு முழம் இறக்கிவிட்டாய். மூன்று தரம் என்ன, முப்பது தரம் குனிந்தேன். அசையவில்லை. "நாப்பத்தைஞ்சில ஏழு குண்டு, இதில பதினைஞ்சு. கையில அடிக்கிறது குறைவு, பாரம் குறைவு. இன்னும் என்ன யோசனை?" என்றாய். யோசிக்க ஒன்றுமில்லை. ஆறு கிழமையும் வேலை முடிந்து வின்டர்தூருக்கு வந்து, நீ முதுகுக்குப் பின்னால் நிற்க, ஒன்பதோடு சுட்டேன். முதல் வெடி, இரண்டாவது வெடி. இரண்டும் ஒரே உள்ளங்கையால் மூடக்கூடிய இடத்தில்! இரண்டாம் பரீட்சையில் ஐம்பதுக்கு ஐம்பது. சரி, நாற்பத்தொன்று. பாஸ் பண்ண நாற்பது காணும்.

இனித் தேர் நாள்.

இந்தக் கதையை நான் எத்தனை கலியாணவீட்டில் சொல்லியிருக்கிறேன்! கறுப்பு உடுப்போடு நாலு கள்ளர் ஓடி வந்தார்கள், நான் தட்டை ஒரு கையில் ஏந்தியபடி மற்றக் கையை இடுப்புக்குக் கொண்டுபோய் ஒரு பார்வை பார்த்தேன், திரும்பிப் பாராமல் ஓடினார்கள். நீ பக்கத்தில் இருந்தால், "ரெண்டு பேர், அத்தான்," என்று மட்டும் சொல்வாய். மிச்சத்தைச் சொல்ல மாட்டாய். ஒருவரும் உன்னை நேராகக் கேட்கவில்லை.

மிச்சம் இதுதான். காரிலிருந்து கோயில் வாசலுக்கு நாற்பது அடி. பக்கத்தில் டயர் கடை. நான் தட்டோடு முன்னால், நீ நீலச் சேலையில் எனக்குப் பின்னால். உன்னுடைய ஒன்பது அந்தச் சேலைக்குள் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதி வழியில், டயர் கடை மூலையிலிருந்து இரண்டு ஆண்கள் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். ஒருவன் கையில் நீளமான கறுப்புப் பை. நான் யோசிக்கவில்லை. வலது கை தட்டை விட்டு இடுப்புக்குப் போனது. சால்வை விலகியது. விரல் பிடியைத் தொட்டது. தட்டு சரிந்து, அம்மனின் அட்டியல் விளிம்பு வரை வழுகியது.

"அத்தான், தட்டு!"

நீ கத்தவில்லை. ஷீஸ்கெல்லரில் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சொல். என் கை தானாகத் திரும்பித் தட்டைப் பிடித்தது. அந்த இருவரும் மூச்சு வாங்க எங்களைக் கடந்து வாசலுக்கு ஓடினார்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, ட்ரெயின் பிந்திப்போச்சு!"

நாதஸ்வரக்காரர்கள். பைக்குள் நாதஸ்வரம்.

மூன்று மாதம் கலிபருக்காகச் சண்டை பிடித்தோம். இரண்டு கையிலும் தட்டு இருக்கும் என்பதை நான் நினைக்கவேயில்லை. நீ நினைத்திருந்தாய். அதனால்தான் பின்னால் வந்தாய். அன்று தேர் இழுக்கும்போது என் காதுக்குள், "நல்லாக் கொண்டுவந்தியள், அத்தான்," என்றாய். வேறொன்றும் சொல்லவில்லை, என்றைக்கும்.

வைத்தியசாலையில் கடைசிக் கிழமை, தாதிக்கு அந்தக் கதையைச் சொல்லச் சொன்னாய். நான் டொச் மொழியில், கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். எண்ணிக்கை வந்ததும் உன்னைப் பார்த்தேன். "நாலு எண்டே சொல்லுங்கோ," என்று சிரித்தாய். "ரெண்டு அவவுக்குக் காணாது." தாதி போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்: "நான் இல்லாட்டில் அது எங்க போய் நிக்குமோ தெரியாது."

ஒன்பதில் போய் நிற்கிறது, மச்சாள். ஒரு வருடத்துக்குள் நாலு ஒன்பதாகிவிட்டது, ஒருவரும் மறுக்கவில்லை. போன மாதம் நொஷாட்டலில் ஒரு கலியாணவீடு. ஒன்பது கள்ளரையும் நான் ஓட்டி முடித்ததும், மேடையிலிருந்து இறங்கி வந்த நாதஸ்வரக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று கறுப்புப் பையோடு ஓடி வந்த அவரேதான். "நல்லகாலம் அண்ணை, நாங்கள் அண்டைக்குப் பிந்தி வந்தது. இல்லாட்டில் அந்தக் கள்ளரிட்டை நாங்களெல்லோ மாட்டியிருப்பம்! நீங்கள் இருந்தபடியால் தப்பினம்." அவர் பிடித்த என் வலது கை, அன்று துப்பாக்கிப் பிடியைத் தொட்ட அதே கை. நான் சோற்றை அளைந்துவிட்டு எழும்பிவிட்டேன்.

நாளைக்கு உன் படத்துக்கு முன்னால் நாதஸ்வரம் வாசிக்க அவரைத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். இதை அவருக்கு முன்னால்தான் படிப்பேன். இரண்டு பேர். கள்ளர் இல்லை. என்னால் அவர் தப்பவில்லை, என்னிடமிருந்து உன்னால் தப்பினார். அதற்குப் பிறகு அவர் என் வீட்டில் சாப்பிடுவாரோ, எழும்பிப் போவாரோ, அது அவருடைய விருப்பம்.

உன் அக்கா இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள். நாளைக்குச் சமைக்கப் பழைய பருப்பு வேகுமோ என்று பார்க்க, நாற்பத்தைந்தை வெட்டி ஊறப்போட்டாளாம். "நாலு வருசப் பருப்பு, கல்லு மாதிரிக் கிடக்குதப்பா, இது வேகாது! மற்றப் பை எங்கை?"

"தர மாட்டன்," என்று சொல்லிவிட்டேன்.

அது என் இடுப்பில் இருக்கிறது. கடிதம் தொடங்க முன்பே வேட்டி கட்டி, பச்சை பெல்ட்டை இறுக்கிச் செருகிக்கொண்டேன். இப்போது எழும்பிப் போய் உன் படத்துக்கு முன்னால் குனிந்துவிட்டு வந்தேன். நூறு தரம்.

மூன்று தரம், மச்சாள். விழவில்லை.