திறந்து கிடந்த சீசா

சஸ்கட்டூன், கனடா, ஞாயிறு

என் அன்பு மனைவிக்கு,

உன் அக்கா வீட்டில் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் பொறுமைதான் குறைந்திருக்கிறது.

கோபால்ட் கலந்த சிலிக்காத் தூளை நீ அறிவாய். அதன் நுண்துளைகளிலிருந்து ஈரத்தை முழுவதும் வெளியேற்றினால் நீலமாகும்; அப்போதுதான் அதன் பரப்பில் வாயு எவ்வாறு ஒட்டுகிறது என்று அளக்க முடியும். காற்றுப் பட்டால் ஈரத்தைக் குடித்து ரோஜா நிறமாகிவிடும். வெற்றிடத்தில் சூடேற்றி நான் உலர்த்தி வைத்திருந்த சீசாவை, என் சகா லார்ன் வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்கு வந்த விருந்தினர்களுக்குத் திறந்து காட்டியிருக்கிறான்!

"நீலம் அவ்ளோ அழகா இருந்துச்சுப்பா."

"இது என்ன நகைக்கடையா? 'திறக்காதே'ன்னு மூடிமேல எழுதி ஒட்டியிருக்கேனே!"

"நீ காபிக் கோப்பையிலகூடத்தான் எழுதி ஒட்டுவ. மறுபடி சூடு காட்டினா நீலமாயிடப் போகுது. தூளே கோவிச்சுக்கல, உனக்கு என்ன?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வாசலில் பெட்டியோடு நின்று நீ சொன்னது குறுக்கே வந்துவிட்டது: "உன் வீட்ல மூச்சு விடணும்னாக்கூட ஒரு மூடியத் திறந்து, உடனே மூடணும்."

மூடிகள் காரணத்தோடுதான் இருக்கின்றன. இதை இப்போதும் சொல்வேன். ஆயினும், அன்று காலை நீ திறந்து வைத்துவிட்டுப் போன சர்க்கரை டப்பா அடுப்படியில் அப்படியே இருக்கிறது. கெட்டிலின் ஆவி பட்டுச் சர்க்கரை கட்டி தட்டிவிட்டது. தினமும் கரண்டியால் குத்தி எடுத்துத்தான் காபி குடிக்கிறேன். எரிச்சலாக வருகிறது.

இன்னும் மூடவில்லை.

உன் கணவன்