பெருமாள் சுவரடியில் இரும்புக் குழாய்

25-9-74, புதன்
விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை.

இன்று குழாய் அறுப்பு. வெள்ளைக்காரத் துரை கட்டிய வீட்டை வாங்கிய பாவம். மழைக்காலத்தில் அவன் புத்தகங்களில் பூசணம் பிடிக்காமலிருக்க, சுவரடி நெடுக வார்ப்பிரும்புக் குழாய் போட்டு வெந்நீர் ஓடவிட்டானாம். செங்கல்பட்டில்! அந்த வெந்நீரைக் குளியலறைக்குத் திருப்புவது இவர் திட்டம்.

குழாய்க்காரர் தாசன், குழாய்கள் சேரும் முதல் மூட்டைக் கழற்றினார். கறுப்புக் குழம்பு. துரு, கரப்பான், பல்லி முட்டை, ஒரு எலியின் வால். வால் மட்டும்.

"இன்னாம்மா, மூக்கப் பொத்திகினு நிக்கிற? வெள்ளக்காரன் வூட்டுக் குழா, செண்ட் வாசன வரும்னு பாத்தியா?"

வாந்தி. தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சோறு இறங்கவில்லை.
பினாயில், சாம்பிராணி: ரூ. 2.40. வீட்டுச் செலவில் எழுதவில்லை, இவர் கணக்கில்.

26-9-74, வியாழன்
கொல்லையில் இருந்த வெந்நீர் அடுப்பு விரிசல். திட்டம் போயிற்று. ஒழிந்தது என்று நினைத்தேன். இல்லை. நல்ல இரும்பை வீணாக்கக் கூடாதாம், குளித்த தண்ணீர் அதன் வழியாக வெளியே போகட்டுமாம். அது போவது சாமி அறைச் சுவரடியில். பெருமாள் படத்துக்கு ஒரு முழம் கீழே.

"அழுக்கும் எச்சிலும் சாமி காலடியிலயா ஓடணும்?"

"குழாய்க்குள்ள போறது உன் பெருமாளுக்கு எப்பிடிடி தெரியும்?"

தாசனுக்கு ஒரே சிரிப்பு. "டவுன்ல எந்தக் கோயில்லயும் இந்த வசதி கெடையாது சார்."

சாயங்காலமே குழாயைப் பூட்டிவிட்டார்கள். மூட்டில் சணல், ஏதோ வெள்ளைப் பசை. அந்தக் கையாலேயே தாசன் என் லோட்டாவில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். லோட்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன், இரண்டு தடவை.

28-9-74, புரட்டாசிச் சனி
மழை விடவில்லை. திருவிடந்தைக்குப் போக முடியாது, வீட்டிலேயே மாவிளக்கு. பெரியவள் கமலாவின் பிரசவத்துக்காக வேண்டிக்கொண்டது. ஈரப் புடவையோடு அரிசி இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்தேன். நெய்த்திரி தானாக மலையேறும்வரை அசையக் கூடாது.

பாதி எரிகிறது. இவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். கோவிந்தா சொல்லிக்கொண்டிருக்கிறேன், சுவரடியில் மினுமினுப்பு. சிகைக்காய்ச் சேறு, எண்ணெய்ப் படலம், இவர் தலைமுடி ஒரு சுருள். கோலத்தைத் தாண்டி மாவிளக்கு வைத்த இலைக்கு வந்தது. மாவு கரைந்தது. திரி சுர்ரென்று அணைந்தது.

துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "அடடா. மூட்டு லூசு போல."

அடடாவாம்.

குளித்தேன். இவர் வரைபட மேசையைக் காலி செய்து கழுவினேன். பெருமாளை அங்கே வைத்தேன். வரைபடம், ஸ்கேல், சாம்பல் கிண்ணம் எல்லாம் சாமி அறைக்கு, குழாய்ப் பக்கம். மறுபடி அரிசி ஊறவைத்து, இடித்து, ஏற்றினேன். மேசை மேலேயே நல்லபடியாக மலையேறியது.

கமலா, கமலா என்றுதான் மனசு.

29-9-74, ஞாயிறு
தூறல். இவர் குளிக்கவில்லை.

காலையில் மேசை முன் உட்கார்ந்தார். சிகரெட் எடுத்தார். பெருமாள் படத்தைப் பார்த்தார். எழுந்து, குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று பிடித்தார். குடைக்குள் பிடிப்பது பெருமாளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம்.

உள்ளே வந்து, "தாசனை வரச் சொல்லி அனுப்பு. எல்லாத்தையும் பிடுங்கிடலாம்."

"நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றேன். போயிருக்கிறார்.