சொல்லாமல் பூத்த பூ

அன்புள்ள தங்கைக்கு,

எதிர்வீட்டு அக்கா எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு நீ அப்பாவைப் பார்க்க வந்திருந்தபோது உன் நீலச் சட்டையின் கையைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தேனே, அந்த அக்கா. நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். மாமியாருக்கு முழங்கால்தான் படுத்துகிறது, வாய் நன்றாகவே இருக்கிறது. எனக்குத் திரைச்சீலை தைக்கும் வேலை குறைவில்லாமல் வருகிறது.

நீ சீட்டில் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. நீ அப்பாவுக்கு அனுப்பிய பார்சலின் அட்டைப்பெட்டியை வெட்டுத்துணி போட்டுவைக்க நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அதன் மேல் ஒட்டியிருந்த உன் விலாசத்தைப் பார்த்து இதை எழுதுகிறேன். இப்படி எழுத வேண்டி வந்ததற்கு நீ என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. விஷயம் அப்பாவின் பூவைப் பற்றியது.

அந்தச் செடியை நீயும் பார்த்திருக்கிறாய். பால்கனியில் ஒரு மரப்பலகையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். மண் கிடையாது, தொட்டி கிடையாது. இலைகள் தோல்வார் போல நீளமாகக் கீழே தொங்கும். பல்போஃபில்லம் என்று அவர் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்வார். ஆர்க்கிட்களில் இதுதான் பெரிய குடும்பமாம், இரண்டாயிரத்துக்கும் மேல் உறவுக்காரர்களாம். மழைக்காட்டில் உயரமான மரங்களில் ஒட்டிக்கொண்டு வாழுமாம், ஆனால் மரத்திலிருந்து ஒரு சொட்டுகூட உறிஞ்சாதாம். “வாடகைக்கு இருக்கா, வீட்டுக்காரனைத் தின்னமாட்டா. என்னை மாதிரி” என்று சிரிப்பார். எல்லாம் சரி. பூத்தால் செத்த எலி நாற்றம். ஈக்களை அழைக்க அது செய்யும் தந்திரமாம். ஈ ஏமாந்து வந்து உட்கார்ந்து மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும், அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. “காசு செலவழிச்சு செத்த எலிக்குத் தண்ணி ஊத்துற மனுஷனை இப்பத்தான் பாக்குறேன்” என்பார் என் மாமியார்.

ஆனால் உன் அப்பா ஒரு மரியாதை வைத்திருந்தார். மொட்டு பெருத்ததும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவார். கையில் ஒரு கிண்ணம், அதில் தைலத்தில் நனைத்த பஞ்சு. ஆளுக்கு இரண்டு உருண்டை கொடுத்து, “விருந்தாளி வரப்போறா. அஞ்சாறு நாள் பொறுத்துக்கோங்க” என்பார். மாமியாருக்கு மட்டும் மூன்று. “நீங்க ஒண்ணை வாயில வெச்சுக்கணும்” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்தப் பஞ்சை மூக்கில் வைத்துக்கொண்டு நாங்களும் ஐந்தாறு நாட்களை ஓட்டிவிடுவோம். ஆறாம் நாள் பூ வாடிவிடும், வாடையும் போய்விடும். இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது.

இந்த முறை அவர் வரவில்லை. வாடை மட்டும் வந்துவிட்டது.

அதற்கு முன்பு நடந்த ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். கீழ்வீட்டுப் பல் டாக்டர்தான் இப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர். பூ பூக்கும் வாரத்தில் தம்மிடம் வருகிறவர்கள் வாயைத் திறக்கவே மறுக்கிறார்கள் என்பது அவருடைய குறை. போன மாதக் கூட்டத்தில், “செடி இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும், முடிவு பண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. உன் அப்பா சிறிது நேரம் கிண்ணம் ஏந்துவது போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு வராது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்போடு சரி.

அப்படிச் சொல்லிவிட்டுப் போன மனிதர், மறுபடியும் பூக்கவிட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் எங்களுக்குக் கோபம் வராதா, நீயே சொல். டாக்டர் போய்த் தட்டினார், திறக்கவில்லை. நான் போய்த் தட்டினேன். மாமியார் என் பின்னால் நின்றுகொண்டு, “பூ உங்களோடது, மூக்கு மட்டும் எங்களோடதா? வெளிய வந்து பதில் சொல்லுங்க” என்று அந்த மாடி முழுவதும் கேட்கும்படி கத்தினார். உள்ளே விளக்கு எரிவது கதவுக்குக் கீழே தெரிகிறது. பகலிலும் அணைப்பதில்லை. வீம்புதான், வேறென்ன.

வழக்கமாக வாடை பால்கனிப் பக்கமிருந்து வரும். இந்த முறை நடைபாதைப் பக்கம் கதவிடுக்கு வழியாக வருகிறது. பால்கனிக் கதவைச் சாத்திவிட்டார் போலிருக்கிறது. ஈக்களும் அங்கேதான் மொய்க்கின்றன. நான் எங்கள் கதவுக்குக் கீழே பழைய துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருக்கிறேன்.

அதனால் நீ அவரோடு ஒரு வார்த்தை பேச வேண்டும். மகள் சொன்னால் கேட்பார். உன் பெயரைச் சொன்னாலே அவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஒரு தடவை முகத்தைக் காட்டினால் போதும், எங்கள் கோபமெல்லாம் போய்விடும் என்று அவரிடம் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் நலம் விரும்பும்
எதிர்வீட்டு அக்கா


அன்புள்ள தங்கைக்கு,

முந்தைய கடிதத்தைத் தபாலில் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அது உனக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. வந்து, நீ இன்னும் பிரிக்காமல் வைத்திருந்தால், பிரிக்காதே. படித்திருந்தால் என்னை மன்னித்துவிடு. அதை எழுதியபோது எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் இப்போது உங்கள் வீட்டு வாசலுக்குக் கீழே, படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். தைக்கும்போது அளவு எழுதுகிற தாள்தான் கையில் அகப்பட்டது. கையெழுத்து கோணலாக இருக்கும்.

இன்று காலையில் ஒரு பெண் வந்தாள். உன் வயது இருக்கும். நகரத் தாவரப் பூங்காவில் கண்ணாடிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. மாடியேறி வந்து உன் அப்பா வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் கதவைத் தட்டினாள். ஐயா ஊரில் இல்லையா என்று கேட்டாள். இருக்கிறார், கோபத்தில் இருக்கிறார் என்றேன். அதற்குள் பல் டாக்டரும் மேலே வந்துவிட்டார். நாங்கள் எல்லோருமே மூக்கில் பஞ்சு வைத்திருந்தோம். அது நாங்களே செய்துகொண்ட பஞ்சு. அந்தப் பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கே என்ன இப்படி வாடை என்று கேட்டாள். டாக்டர் சிரித்தார். “பூங்காவுல வேலை பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதா மேடம்? அவர் வளக்குற பூதான்” என்றார்.

அவள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அந்தச் செடி எங்ககிட்டதானே இருக்கு.”

தங்கை, போன மாதக் கூட்டம் முடிந்த மறுநாளே அவர் அதை ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் பூங்காவில் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று நடந்தே போனாராம். இங்கே இருக்கிறவங்களுக்குச் சிரமமாக இருக்கிறது, நீங்க வெச்சுக்கோங்க, ஆனா நான் வந்து பார்ப்பேன் என்று சொன்னாராம். வாரம் தவறாமல் போய்ப் பார்த்திருக்கிறார். அவர்கள் தண்ணீர் தெளிக்கும் விதம் சரியில்லை என்று அங்கேயும் சண்டை போட்டிருக்கிறார். போன இரண்டு வாரமாக வரவில்லையாம். செடி மொட்டு விட்டிருக்கிறது, பார்த்தால் சந்தோஷப்படுவார், கையோடு அழைத்துப் போகலாம் என்று அந்தப் பெண் விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இன்னும் மொட்டுதான், விரியவில்லை, வாடை என்பதே கிடையாது என்றாள்.

டாக்டர் மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தார். எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நானும் எடுத்தேன். பஞ்சு இல்லாமல் அந்த நடைபாதையில் நான் மூச்சு விட்டது பல நாட்களில் அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சங்கத்தில் எல்லா வீட்டுக்கும் மாற்றுச் சாவி உண்டு. டாக்டர் ஓடிப் போய் எடுத்து வந்தார். சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. போலீசுக்குச் சொன்னோம். இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் கதவருகே ஒரு நிமிடம் நின்றுவிட்டு, எங்களைப் பார்த்து, எத்தனை நாளாக என்று கேட்டார். பூ என்று நினைத்தோம் என்று நான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். எனக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. வேறு எந்த வீட்டில் இப்படி ஆகியிருந்தாலும் முதல் நாளே கதவை உடைத்திருப்போம். உன் அப்பா வீட்டுக் கதவு என்பதால், இது வழக்கமான வாடைதானே என்று மூக்கை அடைத்துக்கொண்டு போய்வந்தோம். ஆறாம் நாளுக்குப் பிறகும் வாடை போகாதபோது, இன்னொரு மொட்டு விரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டோம்.

மாமியார் முழங்கால் வலியோடு வந்து கதவில் நெற்றியை வைத்து நிற்கிறார். “ஐயா, நான் சும்மா பேசினது ஐயா. என் வாய் அப்படி. திறந்துடுங்க, நல்லா திட்டிட்டுப் போங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அங்கிருந்து வாருங்கள் என்று கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். டாக்டர் கீழே போய், பல் காட்ட வந்திருந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் வந்து சுவரோரமாக நிற்கிறார். பூங்காப் பெண் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மொட்டைத் தன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறாள், அவருக்குக் காட்டத்தான். எனக்குக் காட்டினாள். கருஞ்சிவப்பில், விரல் நுனி அளவில், கொத்தாக இருக்கிறது.

ஒருவேளை வேறு ஏதாவதாக இருக்கலாம். குளிர்பெட்டி கெட்டுப்போய் உள்ளே இருந்தது அழுகியிருக்கலாம். அவர் கீழே விழுந்து எழ முடியாமல் இருக்கலாம், மனிதர்கள் அப்படிப் பல நாள் கிடந்து பிழைத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்கிறார். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பால்கனி வழியாக எங்காவது போயிருக்கலாம் என்று நான் சொன்னேன். மூன்றாவது மாடி என்று யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

கதவின் கீலைக் கழற்ற ஒரு தச்சரை அழைத்திருக்கிறார்கள். இப்போதுதான் மேலே வந்தார். பையிலிருந்து உளியை எடுக்கிறார். நான் உட்கார்ந்திருக்கும் படியிலிருந்து அவர் முதுகு மட்டும் தெரிகிறது. கதவு திறந்த பிறகு எழுதினால் உனக்குச் செய்தி முழுமையாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் திறந்த பிறகு என்னால் எழுத முடியுமா என்று தெரியவில்லை. அதனால் திறப்பதற்குள் இதை மடித்து ஒட்டிவிடப் போகிறேன். இந்த ஒரு கடிதத்திலாவது, உன் அப்பா எங்கள் மேல் கோபித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார், நாங்கள் வெளியே நின்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோம் என்று இருக்கட்டும்.

இது உன்னிடம் வருவதற்குள் போலீசோ வேறு யாரோ எப்படியாவது உன்னைத் தேடிப் பிடித்து ஏதாவது சொல்லியிருப்பார்கள். யார் என்ன சொல்லியிருந்தாலும் நீ புறப்பட்டு வா. தனியாக வராதே, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள். வழியில் பட்டினி கிடக்காதே. எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் நேராக மேலே வந்து, முதலில் என் கதவைத் தட்டு. எதிர்க் கதவுக்குப் போகாதே. ஒரு தட்டுக்கே நான் திறந்துவிடுவேன், கண்ணே.

வந்து சேர்.

உன்
அக்கா