அவசரப்படாத அக்கா
காசிமேடு, 2006

அன்பு அக்காவுக்கு,

வலிப்பு வர்றத முன்னாடியே கண்டுபுடிக்க, உங்க ஆராய்ச்சிக்கூடத்துல எலிக்கு வெக்கிற மாதிரி என் மூளையிலயும் கம்பி வெச்சிடுன்னு போன்ல கேட்டேன். நீ முடியாதுன்னு அழுத.

வெறப்பான கம்பி மூளையைப் புண்ணாக்கிடும், கொஞ்ச நாள்ல மூளையில நடக்கறது எதுவும் அதுல பதிவாகாதுன்னு சொன்ன. இப்ப நீங்க செய்யிற வளையிற தகடு எலிக்கு மட்டும்தான் ஒத்துக்கினு கீதாம்.

நான் கடலுக்குப் போறதில்ல. அன்னிக்கு வலிப்பு வந்து போட்லேர்ந்து வுழுந்தப்போ கூட வந்த வில்சன்தான் இஸ்த்துப் போட்டான். அடிபட்ட எடத்துல போட்ட தையல் பிரிச்சாச்சு. இப்ப கரையில வலை பின்றேன். அம்மாவுக்கு சந்தோசம். எனக்கு பழகிடும்.

"நீ என் தம்பிடா, பயமா கீது"ன்னு சொன்னியே, அதையே யோசிச்சிகினு கீறேன். வேற யாரோட தம்பிக்கு வெச்சாலும் அதே மாதிரி பயப்படுக்கா. மனுசனுக்கும் ஒத்துக்கும்னு தெரிஞ்சி அந்த பயம் போனப்புறம் கூப்புடு, நான் வர்றேன்.

இப்படிக்கு,
உன் தம்பி