அரைஞாண் கயிற்றின் சிவப்பு

அன்புத் தோழிக்கு,

ஊரே அடங்கிய நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். என் நகக்கண்ணில் இன்னும் சிவப்பு ஒட்டியிருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. நீ ஆரணியை விட்டு பம்பாய்க்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் இந்த விரல்களைப் பார்த்ததும் கல்லூரி லேபில் உன் பக்கத்தில் நிற்பதுபோலத்தான் இருந்தது.

காலையில் துணி மாற்றும்போது பார்த்தேன், பிள்ளையின் இடுப்பைச் சுற்றிச் சிவப்பு. வாயோரத்திலும் சிவப்பு. எட்டு மாதக் குழந்தை. ரத்தம் என்றே நினைத்து, செருப்புக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸ் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பஞ்சு சிவந்தது, தோல் தெளிந்தது.

“சாயம்மா இது! நெசவுக்காரங்கன்னா புள்ளையக்கூடவா சாயத்துல முக்குவீங்க?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் அரைஞாண் கயிறு செய்த வேலை. மூன்று நாள் முன்பு என் மாமியார் பருத்தி நூலைத் திரித்து, பட்டுக்குச் சாயம் போட்ட கொப்பரையில் மிஞ்சிய சிவப்பில் தோய்த்து, நுனியை நீளமாகத் தொங்கவிட்டுக் கட்டியிருந்தார்.

நான் வீடு திரும்பிச் சொன்னதும், “பட்டே சாயத்தப் புடிச்சிகினு நிக்குது, இந்த முழ நூலு நிக்காதாம்மா?” என்றார்.

“நிக்காது அத்தை” என்று சொல்லி, இரண்டு கிண்ணத்தில் சுடுநீர் வைத்தேன். ஒன்றில் பட்டு இழை, இன்னொன்றில் கயிற்று நுனியிலிருந்து பிய்த்த நூல். பட்டுக் கிண்ணம் தெளிவாகவே இருந்தது. மற்றது சிவந்துபோனது. பட்டு புரதம்; கொதிக்கும் புளிப்பு நீரில் அமிலச் சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பருத்திக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அத்தையே கத்தரியை எடுத்து வந்து கயிற்றை அறுத்துப் போட்டார்.

அதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

லேபில் நாம் சிவப்புச் சாயம் செய்த நாள் ஞாபகம் இருக்கிறதா? “ஜல்தி ஊத்துடி, ஐஸ் கரையுது!” என்று நீ விரட்ட, ஐஸில் வைத்த டயசோ கரைசலை நாப்தால் கரைசலில் ஊற்றினேன். கண் எதிரே சிவப்பு பிறந்தது. பிறகு உங்கள் வீட்டுச் சாயப் பட்டறையில் நிறம் வெளுக்க வைத்திருந்த ஹைட்ரோஸ் பொடியைக் கொண்டுவந்து அதில் தூவிச் சூடாக்கினாய். நிறமே இல்லாமல் போனது. நான் கை தட்டினேன். நீ தலையில் குட்டினாய்.

“கலருதான்டி போச்சு. நைட்ரஜன் கட்டு உடைஞ்சி, ரெண்டு துண்டா அங்கியேதான் கீது.”

அந்தப் பேச்சுதான் இன்று என்னைத் தூங்கவிடவில்லை. பிள்ளை மூன்று நாளாக அந்த நுனியைச் சப்பியிருக்கிறாள். பட்டுச் சிவப்புகளிலும் பெரும்பாலும் அதே கட்டுதானே, அது அவள் வயிற்றில் உடைந்தால்? எல்லாச் சிவப்பும் கெடுதல் இல்லை, உடைந்து வரும் துண்டு எந்த அமீன் என்பதைப் பொறுத்தது, சில அமீன்தான் புற்றுநோய் வரை இழுக்கும் என்கிற வரை எனக்குத் தெரியும். பால் குடிக்கிறாள், விளையாடுகிறாள், பயமில்லை என்றார் டாக்டர். சாயக்கடையிலும் விசாரித்தேன். டின்னிலிருந்து பொட்டலம் கட்டிக் கொடுத்த சரக்காம், பெயர் தெரியாதாம்.

கண்ணுக்கு மறைந்ததை இல்லை என்று எடுத்துக்கொள்ளாத புத்தி நீ கொடுத்தது. அதை வைத்துத்தான் இன்று கடைக்காரரிடமும் டாக்டரிடமும் குரல் நடுங்காமல் கேள்வி கேட்டேன். பதில் எதுவானாலும் அடுத்து செய்ய வேண்டியதைச் செய்துவிடுவேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கயிற்றில் ஒரு விரல் நீளம் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். சாயக் கம்பெனி லேபில்தானே இருக்கிறாய், எந்தச் சிவப்பு என்று பார். சீக்கிரம் பதில் போடு.