பதிவாகாத சரணம்

ஜூன் 4, செவ்வாய்
சலவைக்கூடம், மதிய இடைவேளை

என் குருவிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துவிடாதே. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, எழுத்து கோணும். நீ வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் எத்தனை பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா?" என்று கேட்டிருப்பாய். அதில் ஒன்றை நீயும் மாட்டிக்கொண்டு படி.

இங்கே வேலை எப்போதும் போலத்தான். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக இறங்குகிறது, வெள்ளையாக ஏறிப் போகிறது. சேதி வேறு. இந்த மாதக் கடைசி ஞாயிறு ஆலயத்தில் இந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். வாசித்த பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டிச் சுவரில் பதிப்பார்கள். அப்பாவின் தகட்டுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. நான் அதைக் கையால் அளந்துகூடப் பார்த்துவிட்டேன்.

போதகர் கூப்பிட்டனுப்பினார். "உங்க மக பேரு விஷயம் ஆலயக் குழு கூடித்தான் முடிவு பண்ணணும்மா" என்றார். மேசைமேல் உங்கள் இசைக்குழுவின் சுவரொட்டி இருந்தது. கொண்டுவந்து கொடுத்தது வேறு யார், உன் அத்தைதான். நீயும் அந்த இரண்டு பையன்களும் கறுப்பு அங்கி போட்டு, முகத்தில் வெள்ளை அப்பி, கண்ணைச் சுற்றிக் கரி பூசி நிற்கிறீர்கள். மேலே குழுவின் பெயர், வேரும் முள்ளுமாய்ப் பின்னிக்கொண்டு. இத்தனை நாளும் எனக்குப் படிப்பு பத்தாததால்தான் அந்த எழுத்து பிடிபடவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். போதகர் அதை நேராகப் பார்த்தார், திருப்பிப் பிடித்தும் பார்த்தார். "ஏதோ பிசாசு பேரா?" என்றார்.

"கல்லறைக் காலைங்க அய்யா. ஆண்டவர் உயிர்த்தெழுந்த காலை. மக சொல்லியிருக்கா" என்றேன்.

பக்கத்தில் நின்ற உன் அத்தை விடுவாளா? "செத்தவ மாதிரி வேஷம் போட்டா. அந்த வேஷத்தைக் கலைக்கக்கூட நேரமில்லாம வழியில லாரியில அடிபட்டுச் செத்தே போனா. கர்த்தர் இதுக்கு மேல எப்படி அண்ணி வாய் திறந்து சொல்லணும்?"

அவள் வாயில் நான் வெளுக்கிற துணியை வைத்து அடைக்கலாம் போல இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். ஞாயிறு குழு கூடுகிறது. உன் பாட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் தட்டை இன்னும் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கிற
அம்மா


ஜூன் 9, ஞாயிறு
வீட்டில்

குருவி,

போய் வந்தேன்.

ஆலயத்துக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கி வைக்கிற அந்தச் சின்ன அறை. போதகர், பொருளாளர், உன் அத்தை, எனக்குப் பேர் தெரியாத இரண்டு பெரியவர்கள். சத்தம் கூடட்டும் என்று உன் போனை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி வைத்தார்கள். பாட்டு ஆரம்பித்த உடனே பொருளாளர் காதில் மாட்டியிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, பார்.

முதலில் கிட்டார், தகரக் கூரையில் மழை விழுவது போல. பிறகு அந்த இரண்டு பையன்களில் மொட்டை அடிக்கிற டிரம். பிறகு நீ. உன் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பெரியவர் ஒருவர், "இது மனுஷக் குரலா? ஒரு வார்த்தையாவது புரியுதா யாருக்காவது?" என்றார்.

எனக்குப் புரிந்தது. அண்டை வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று தலையணையில் முகத்தை அழுத்திக் கத்திப் பழகினாயே, அடுப்படியில் நின்று எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். மழலை பேசிய வயதிலும் நீ பேசுவது எனக்கு மட்டும்தான் விளங்கும். அப்பாவுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். அதே மாதிரி, நீ கத்தக் கத்த நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

"கதவைத் தட்டினேன், தோல் உரியத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிகிறது, நீ இருக்கிறாய் என்று தெரியும். என் அப்பா படுக்கையில் வற்றினார், நீ எழுந்து வரவில்லை. நான் போகமாட்டேன். வேறு வீடு எனக்குத் தெரியாது."

அங்கே பாட்டு நின்றது. பொருளாளர் மட்டும், "முடிஞ்சுதா?" என்று கேட்டு மெஷினை மாட்டிக்கொண்டார். அவருக்காக இன்னொரு தடவை சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டே, "வார்த்தை சரிதான். அந்தச் சத்தம்தான் சாத்தானோடது" என்றார்.

எங்கிருந்து எனக்கு வாய் வந்ததோ. "இவளைப் பெத்தப்போ நான் போட்ட சத்தம் யாரோடதுங்க அய்யா?" என்று கேட்டுவிட்டேன். உன் அத்தைக்கு இருமல் வந்தது.

போதகர் கெட்டவர் இல்லை, குருவி. அப்பா படுத்திருந்தபோது வாராவாரம் வந்தவர். மெதுவாகத்தான் சொன்னார். "ஆண்டவர்கிட்ட முறையிடலாம்மா. ஆனா முறையிட்டவன் கடைசியில துதிக்கணும். இதுல துதி எங்க? பாட்டு பாதியிலல்ல நிக்குது."

"இன்னும் ஒரு சரணம் பாக்கின்னு பையன்க சொன்னாங்க."

"அதுல துதி இருந்தா அந்தப் பேரை நானே வாசிக்கிறேன். இல்லைன்னா, இது ஆண்டவரை வாசல்ல நின்னு திட்டினவ பாட்டு. பீடத்துல அவ பேரை நான் வாசிக்க முடியாது. விசாரிச்சுச் சொல்லுங்க."

அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்டது. துதி இல்லையென்றால் அப்பா ஓரிடம், நீ ஓரிடம். அப்படியானால் நான் போகிறபோது யாரிடம் போவேன்? ஒரு பெண்பிள்ளையைத் தனியாக எங்கே விட்டுவைப்பேன்?

பதில் தேடி அலைகிற
அம்மா


ஜூன் 13, வியாழன்
சலவைக்கூடம்

கண்ணு,

இன்று ஒன்று நடந்தது. உன்னைத் தவிர யாரிடமும் சொல்லமுடியாது.

போதகர் வாயிலிருந்து துதி என்ற சொல் வந்ததிலிருந்து உன்னோடு போட்ட சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஆலயத்துல நல்ல பாட்டா இல்லை? கைதட்டி, சந்தோஷமா, எல்லாரும் பாடறாங்களே" என்று நான் கேட்டேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "வீட்டுக்கு வந்தவங்க சௌக்கியமான்னு கேட்டா சௌக்கியம்னு சொல்றோம். அதையேதான் கடவுள்கிட்டயும் சொல்லிட்டிருக்கோம். அவர் என்னம்மா, விருந்தாளியா?" முகத்தில் ஏன் பிணம் மாதிரிப் பூச்சு என்று கேட்டேன். "எல்லாரும் சாகப்போறவங்கதானே. அதை மறைக்காம போய் நிக்கிறோம், அவ்வளவுதான்" என்றாய். எனக்கு விளங்கவில்லை. போடி பைத்தியம் என்றேன்.

அந்தப் பூச்சு. அன்று சாயங்காலம் உன்னை இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். மேலே இருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் கையில் இருந்த துண்டோடு ஓடினேன். நர்ஸ் ஈரப் பஞ்சால் உன் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணியில போகாது சிஸ்டர், எண்ணெய் போட்டாத்தான் போகும்" என்றேன். என்னமோ நீ வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பது போல. எண்ணெய் வாங்கி நானே துடைத்தேன். வெள்ளை போனது. அதற்கு அடியில் இருந்ததும் வெள்ளையாகத்தான் இருந்தது.

அடக்கத்தில் நான் வாய் விட்டு அழவில்லை. உன் அத்தை முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி அழாதீங்க அண்ணி, பாக்கிறாங்க" என்றாள். எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். நானும் தட்டினேன்.

இன்று பெரிய பிழியும் மெஷினில் போர்வைகளைக் கொஞ்சம் சரிவாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. சுற்ற ஆரம்பித்ததும் தடதடவென்று தரையே அதிர்ந்தது. எங்கேயோ கேட்ட சத்தமாக இருக்கிறதே என்று நின்றேன். மொட்டையின் டிரம் மாதிரியே இருந்தது, குருவி! அப்படியே! நிறுத்தப் போன கை அங்கேயே நின்றது. பக்கத்தில் ஆள் இல்லை. வாயைத் திறந்தேன்.

என்ன வந்தது என்று எனக்கே தெரியாது. ஏன் என்று கேட்டேன் போலிருக்கிறது. உன் பேரைச் சொன்னேன், அப்பா பேரைச் சொன்னேன், கடவுளை நீ வா போ என்று பேசினேன். அந்த இரைச்சலுக்குள் எவ்வளவு கத்தினாலும் இடம் இருந்தது. தொண்டை கிழிந்தது. மெஷின் நின்றபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்த மாதிரியும் இருந்தது. ஆலயத்தில் கை தட்டியபோது அப்படி இருக்கவில்லை.

இதற்குத்தானா வாரம் தவறாமல் அந்தப் பையன்களோடு போனாய்?

தொண்டை கட்டிப்போன
அம்மா


ஜூன் 22, சனி

குருவிக்கு,

உங்கள் பயிற்சி அறைக்குப் போனேன். டயர் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறி. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறது. முதலில் கோழிப்பண்ணையோ என்று நினைத்தேன். மொட்டையும் கிட்டார் வாசிக்கிற வௌவாலும் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். பேய் வேஷம் போடுகிற பையன்கள், பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வௌவால் ஓடிப்போய்த் தேநீர் வாங்கிவந்து, பாதியைப் படியிலேயே சிந்திவிட்டான்.

"கடைசிச் சரணம் என்னப்பா? அதுல துதி இருக்கா?" என்று நேராகவே கேட்டேன்.

மொட்டை சொன்னான்: "அவ அதை எழுதி வைக்கலைம்மா. எழுதி வச்சா பொய்யாயிடும், மைக் முன்னாடி நிக்கிறப்ப என்ன வருதோ அதான்னு சொல்லுவா. துதியா திட்டான்னு நானும் கேட்டேன். 'நானே கேட்டாத்தான் தெரியும்'னு சிரிச்சா."

"பாடினாளா?"

"ஆரம்பிச்சா. கரண்ட் போயிடுச்சு. சாயங்காலக் கச்சேரி முடியட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு வேஷத்தோடயே கிளம்பினோம். வழியிலதான் லாரி..."

பதிவானது வரைக்கும் போட்டுக் காட்டச் சொன்னேன். காதில் பெரிதாக ஒன்றை மாட்டினார்கள். உன் போனில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வேறு வீடு எனக்குத் தெரியாது என்கிறாய். கிட்டார் ஓய்கிறது, டிரம் ஓய்கிறது. பிறகு நீ மூச்சை இழுக்கிறாய். நன்றாக, வயிறு வரைக்கும். அவ்வளவுதான், அறுந்துவிட்டது.

திரும்பப் போடச் சொன்னேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. வௌவால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் போதகரின் நிபந்தனையைச் சொன்னதும் மொட்டை என் காலடியில் குந்திக்கொண்டான். "துதிதான்னு சொல்லிடுங்கம்மா. யாருக்குத் தெரியப்போகுது? கேட்டா நாங்களும் அதையே சொல்றோம். அவளுக்கு வேண்டி ஒரு பொய் சொல்றதுல என்னம்மா பாவம்?"

பாவமே இல்லை என்றுதான் எனக்கும் பட்டது. ஒரே ஒரு 'ஆமாம்'. உன் பேர் சுவரேறிவிடும். நான் நிம்மதியாகச் சாவேன். சரிப்பா என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன்.

அம்மா


ஜூன் 30, ஞாயிறு

என் குருவிக்கு,

வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு சீக்கிரமே போனேன். வாசலில் போதகர் தாளோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. சரி என்று சொல்லமாட்டாளா என்று அவரும் காத்திருந்தார் போல. பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தார்.

"விசாரிச்சீங்களாம்மா? துதிதானே?"

அத்தை பின்னால் நின்று என்னைக் கிள்ளினாள். "ஆமான்னு சொல்லுங்களேன் அண்ணி. அவ என் அண்ணன் பொண்ணு இல்லையா? எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?" எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாய் வரைக்கும் வந்துவிட்டது, குருவி. அப்போது தோன்றியது இதுதான். கடவுளிடம்கூட ஒப்புக்குச் சௌக்கியம் என்று சொல்லமாட்டேன் என்றவள் நீ. உன் வாய்க்குள் என் வார்த்தையைத் திணித்துச் சுவரில் பதித்தால், அங்கே இருப்பது உன் பேராக இருக்காது. ஆலயத்துக்கு ஏற்ற மாதிரி நான் துவைத்து எடுத்த வேறு யாரோ ஒருத்தி.

"தெரியலைங்க அய்யா. பாடறதுக்கு முன்னாடி கரண்ட் போயிடுச்சு. துதிச்சிருக்கலாம், திட்டியிருக்கலாம். எனக்குத் தெரியாததை நான் எப்படி சொல்லுவேன்?"

அவர் தாளை ஒரு தடவை பார்த்தார். பேனாவை மூடினார். "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

உள்ளே போய் எப்போதும் உட்கார்கிற இடத்திலேயே உட்கார்ந்தேன். வெளியே போய்விடுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. நானும் போகமாட்டேன். எனக்கும் வேறு வீடு தெரியாது. பெயர்களை வாசித்தார். உன் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு நொடி நின்றார். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அடுத்த பெயரை வாசித்தார்.

மத்தியானம் டயர் கடைக்குப் போய், பாட்டை அப்படியே வெளியே விடச் சொல்லிவிட்டேன். அறுந்த இடத்தோடு. "கேக்கிறவங்க பதிவுல கோளாறுன்னு நினைப்பாங்கம்மா" என்றான் மொட்டை. நினைத்துக்கொள்ளட்டும் என்றேன். எனக்கும் ஒரு பிரதி போனில் ஏற்றிக் கொடுத்தார்கள். எதை அமுக்கினால் பாடும் என்று வௌவால் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

இப்போது வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ மூச்சை இழுக்கிறபோது நானும் இழுக்கிறேன். வெளியே விட முடியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் மட்டும் சொல். போதகருக்குச் சொல்லமாட்டேன், அத்தைக்குச் சொல்லமாட்டேன். துதியோ திட்டோ, அம்மாவுக்கு எதுவானாலும் சரி. அத்தனை பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு, அவரிடம் என்னடி கேட்க வந்தாய்?