ஒரு நொடிகூடக் கூட்டாமல்

ஜூன் 4

என் ஒரே அக்காவின் ஒரே மகளே, ஆஸ்பத்திரி வரலாற்றிலேயே அதிவேகமாக ஓடிய கர்ப்பிணியே, பட்டாணி,

உன் கடிதம் வந்தபோது கடையில் யானை எடைபோடும் தராசு ஒன்றைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். சரி, மூட்டை எடைபோடும் தராசுதான். ஆனால் அது நிறுத்த மூட்டைகள் யானைகளையே வெட்கப்பட வைக்கும். நர்ஸ் ஊசியின் உறையைக் கிழித்த சத்தத்துக்கே நீ மயங்கி விழுந்தாய், எழுந்ததும் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடி வந்தாய் என்று படித்து நான் சிரித்த சிரிப்பில் தராசு முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

உன் ஊசி பயம் எனக்குப் புதிதா? பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் மூன்று நாள் குடியிருந்தவள் நீ. மூன்று மணி நேரம் என்பார் உன் வாத்தியார். அவருக்குக் கற்பனை போதாது.

லாரியோடு ஊர் ஊராகப் போகும் வீட்டுக்காரரிடம் சொல்லப் பயம், டாக்டரம்மாவிடம் சொல்ல வெட்கம், போனில் பேசினால் மாமியார் காதில் விழும் என்று என் கடைக்கு எழுதுகிறாய். வந்த இடம் சரியான இடம். இதற்கு ராஜாக்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆபத்தான இடத்துக்குத் தங்களைப்போலவே மீசை வைத்த ஒருவனை அனுப்பிவிட்டு, அரண்மனையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீயும் யாரையாவது அனுப்பு. பெயரைக் கூப்பிட்டால் நீட்ட ஒரு கை இருந்தால் போதாதா?

சிரித்தாயா? சிரித்த முகத்தோடு போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வா.

இப்படிக்கு,
ஈரேழு உலகங்களையும் நிறுத்துப் பார்த்த
உன் தாய்மாமன்


ஜூன் 19

அன்புள்ள மாமாவுக்கு, பட்டாணி எழுதுவது.

நலம். உங்கள் யோசனை பலித்துவிட்டது. விவரத்தை நேரில் சொல்கிறேன், கடிதத்தில் வேண்டாம். ரத்தத்தில் சத்து பன்னிரண்டு புள்ளி நாலு, பிரிவு ஓ பாசிடிவ். அதைச் சிவப்பு மையில் எழுதி என் ஃபைலின் மேலட்டையில் ஒட்டிவிட்டார்கள். “எல்லாரும் உன்ன மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்லம்மா” என்றார் டாக்டரம்மா. சலவைக்கூடத்தில் என்னோடு துணி மடிக்கிறாளே, ‘கண்ணாடி’ என்று கூப்பிடுவோமே, அவள்தான் பெரிய துணை. அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று.

மாமா, ஒன்று கேட்கட்டுமா? அம்மாவை நான் கடைசியாகப் பார்த்த அன்று அவள் இரண்டு கையிலும் ஊசி, குழாய் முழுக்க ரத்தம். நீங்கள் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, “மேகத்துக்கு மேல ஒரு ராட்சசக் கொசு இருக்கு, அதுக்குத் தாகம், அம்மா கொஞ்சம் குடுக்கறா” என்றீர்கள். மறுநாள் அம்மா இல்லை, பிறந்த தம்பியும் இல்லை. இன்றும் ஊசியைப் பார்த்தால் எனக்கு அந்தக் கொசுதான் இறங்கி வருகிறது. குற்றம் சொல்லவில்லை. சும்மா எழுதினேன்.

அன்புடன்,
பட்டாணி


ஜூலை 1

ஊசிகளை வென்ற உத்தமியே,

பன்னிரண்டு புள்ளி நாலா? அது ரத்தமா, உருக்கிய இரும்பா? இனி காந்தக் கடைப் பக்கம் போகாதே, ஒட்டிக்கொள்வாய். நானும் வாலிபத்தில் ஒரே நாளில் நாற்பது ஊசிகளைச் சிரித்துக்கொண்டே வாங்கியவன். அந்த வீரம் உனக்கும் வந்திருக்கிறது.

கொசுவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாமா சொன்ன ஆயிரம் கதைகளில் அதுவும் ஒன்று. விட்டுத் தள்ளு.

இப்படிக்கு,
கொசுக்களும் கண்டு நடுங்கும்
உன் தாய்மாமன்


ஆகஸ்ட் 22

அன்புள்ள மாமாவுக்கு,

ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. குழந்தை உதைக்கிறது. எனக்கு ஐஸ் பைத்தியம் பிடித்திருக்கிறது. சலவைக்கூடத்துக் குளிர்பெட்டியைச் சுரண்டிச் சுரண்டித் தின்கிறேன். கடித்து நொறுக்கினால்தான் தலைக்குள் அமைதி. வீட்டு மாடிப்படி பதினாலு. ஏழாவது படியில் உட்கார்ந்துவிடுகிறேன், காதுக்குள் யாரோ ஓடுகிற மாதிரி சத்தம். “என்னம்மா இப்படி வெளுத்துக் கெடக்க” என்று மாமியார் கேட்டார். நாள் முழுக்க வெள்ளை விரிப்பு மடித்தால் வேறு என்ன நிறம் வரும் என்றேன்.

டாக்டரம்மாவும் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மறுபடி ரத்தம் பார்க்க எழுதினார். பன்னிரண்டு புள்ளி இரண்டு. சீட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “சரி, போ” என்றார்.

நீங்கள் ஏன் முன்போல் அடிக்கடி எழுதுவதில்லை?

பட்டாணி


ஆகஸ்ட் 30

பட்டாணி,

இந்தக் கடிதத்தில் பட்டங்கள் இல்லை.

ஐஸ் என்று படித்ததும் கடையைச் சாத்தினேன். உன் அம்மாவும் கடைசி மாதங்களில் ஐஸ் தின்றாள். ‘பனிமலை மகாராணி’ என்று கேலி செய்துகொண்டே வாங்கிக் கொடுத்தவன் நான்தான். உடம்பில் ரத்தம் குறைந்தால் வரும் ஆசை அது என்று அப்போது தெரியாது.

அவளுடைய பிரிவு ஏபி நெகடிவ். அதை எழுதிய சீட்டோடு ரத்தம் தேடி ஒரு பகல் முழுக்க ஓடியவனுக்கு அது மறக்குமா? பரிசோதனைக்கூடத்துக்காரர் ஒருவர் தன் சின்னத் தராசைச் சரிபார்க்க என்னிடம் கொண்டுவருவார். “அம்மா ஏபி, பொண்ணு ஓ. அப்படி வருமா?” என்று கேட்டேன். “வராதுங்க. ஒண்ணு, அம்மா வேறயா இருக்கணும். இல்ல, ரத்தம் வேறயா இருக்கணும்” என்றார். நீ பிறந்தபோது கதவுக்கு வெளியே நின்றவன் நான். அம்மா வேறு இல்லை.

கண்ணாடியை அனுப்பியிருக்கிறாய். நான் விளையாட்டாக எழுதிய ராஜா கதையை நம்பி, இரண்டு முறை.

உன் ஃபைலில் இருப்பது அவள் ரத்தம். உன் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரசவத்தில் ரத்தம் போனால் அன்றைக்குச் சோதித்து, அட்டையில் இருப்பது தப்பென்று கண்டுபிடித்து, அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பிப்பார்கள். அந்தத் தேடும் நேரம்தான் உன் அம்மாவுக்கு இல்லாமல் போனது.

கொசு பொய். அன்று குழாயில் நீ பார்த்த ரத்தம் வெளியே போகவில்லை, உள்ளே போய்க்கொண்டிருந்தது. மதியம் வந்திருக்கவேண்டியது மாலை நாலேகாலுக்கு வந்தது. ஊசி உன் அம்மாவைக் குடிக்கவில்லை. ஊசி வர நேரமாகிவிட்டது. ஆறு வயதுக் குழந்தையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கதைதான் வந்தது.

டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல். பயத்தையும் சொல். படுக்கவைத்து எடுப்பார்களாம். தோல் மரத்துப்போக ஒரு களிம்பு இருக்கிறதாம். கால் தசைகளை இறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி இறுக்கினால் மயக்கம் வராதாம். பரிசோதனைக்கூடத்துக்காரர் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன்.

மாமா


செப்டம்பர் 7

பட்டாணி,

பதில் இல்லை. நேற்று உன் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். பிறகு, “வண்டியத் திருப்பறேன்” என்றார்.

என்னோடு பேசாதே. ரத்தம் கொடு.

மாமா


செப்டம்பர் 15

மாமா,

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் ஊசி இருக்கிறது. நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள், முதல் தடவை வாந்தி எடுத்தேன், இரண்டாம் தடவை காலை இறுக்கிக்கொண்டேன். ஆறு புள்ளி எட்டு. ஏபி நெகடிவ். டாக்டரம்மா மேலட்டைச் சீட்டைக் கிழித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடி வெளியே உட்கார்ந்து அழுகிறாள்.

ரத்தம் ஏற்றவேண்டுமாம். ஒரு பை கிடைத்திருக்கிறது. இன்னொன்று தேடுகிறார்கள். பிரசவத்துக்கும் எடுத்து வைக்கவேண்டுமாம்.

என்னைக் காட்டிக்கொடுத்தீர்கள். அதை மன்னிக்கச் சில நாள் ஆகும். கொசுவை மன்னிக்க அதைவிட நாளாகும். ஆனாலும் வாருங்கள். இங்கே எதைக் கேட்டாலும் “கொஞ்சம்தாம்மா”, “ஒரு நிமிஷம்தாம்மா” என்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி உள்ளே இருக்கும்வரை எத்தனை நொடி என்று எண்ணிச் சொல்லுங்கள். ஒரு நொடிகூடக் கூட்டவேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இவர் லாரி உங்கள் வழியாக வருகிறது. கொடுத்தனுப்புகிறேன்.

பட்டாணி


செப்டம்பர் 17

பட்டாணி,

உன் வீட்டுக்காரர் திரும்பும் வழியில் கடை வாசலில் லாரியை நிறுத்திக் காத்திருக்கிறார். இதை அவரிடமே தருகிறேன். நான் நாளைக் காலை ஆறரை வண்டியில் ஏறுகிறேன். வந்து சேர்வது பத்து ஐம்பது. அதற்குள் நீ இதைப் படித்திருக்கவேண்டும்.

உன் அம்மா படுத்திருந்த அன்று டாக்டர் வெளியே வந்து, “கூடப் பொறந்தவங்க யாரு? ரத்தம் பாக்கணும்” என்று கேட்டார். நான் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, வெளியே வாங்கி வருகிறேன் என்று ஓடினேன். பகல் முழுக்க ஓடினேன். தேடினேன் என்றுதான் இத்தனை வருடம் எல்லோரிடமும் சொன்னேன். நர்ஸ் கையில் ஊசி இருந்தது. அதற்குப் பயந்துதான் ஓடினேன். அன்றைக்குப் பிறகும் என் ரத்தம் என்ன பிரிவு என்று தெரிந்துகொள்ள நான் விடவில்லை.

உனக்குத் தேடுகிறார்கள் என்று நேற்று படித்ததும் ரத்த வங்கிக்குப் போனேன். பி நெகடிவ். உன் அம்மாவுக்கு ஏற்றியிருக்கலாம் என்றார்கள். உனக்குச் சேருமா என்று சோதித்துவிட்டு என் பையை அனுப்புவார்கள்.

இதைப் படித்த பிறகும் நான் உள்ளே வரலாமா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். வேண்டாம் என்றால் திரும்பிவிடுவேன்.

ஊசி என் கையில் ஏழு நிமிடம் இருபது நொடி இருந்தது. எண்ணினேன்.

மாமா